குதிரை சரி, விலை?

வணக்கம் சார்,

இரண்டு வருடமாக இங்கிலாந்து, அயர்லாந்து குதிரைப் பந்தயங்களை விடாமல் பார்த்து வருகிறேன். டிப்ஸ் கொடுப்பவர்களை நம்புவதில்லை. சொந்தமாக ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். முன்பக்கத்திலிருந்து டிரெய்னர்கள்: யாருக்கு எந்த மைதானம் ராசி, யார் எங்கோ தொலைவிலிருந்து ஒரே ஒரு குதிரையை மட்டும் கூட்டி வருகிறார், இப்படி. பின்பக்கத்திலிருந்து கவனித்துவர வேண்டிய குதிரைகள்: கூட்டத்தில் சிக்கி, வழி கிடைக்காமல் தவித்து, கடைசி ஃபர்லாங்கில் பறந்து வந்து நான்காவதாக முடித்தவை.

கணிப்பு மோசமில்லை என்றுதான் நினைக்கிறேன். பணம் கட்டியவற்றில் சுமார் மூன்றில் ஒன்று ஜெயித்திருக்கிறது. ஆனால் வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் இரண்டு முறையும் நட்டம். எங்கே ஓட்டை என்று தெரியவில்லை. டிரெய்னர் கணக்குகளை எவ்வளவு நம்பலாம்? குறித்துவைத்த குதிரையை எத்தனை ரேஸ் வரை பிடித்துக்கொண்டிருப்பது? மாதச் சந்தா கட்டினால் லாயத்திலிருந்து நேராகத் தகவல் தருகிறோம் என்கிறார்கள், சேரலாமா?

பெயர் போட வேண்டாம். வீட்டில் தெரியாது.

*

அன்புள்ள நண்பருக்கு,

ஓட்டை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. டிரெய்னர், மைதானம், ஃபர்லாங் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். என்ன விலைக்கு, அதாவது ஜெயித்தால் கட்டிய பணத்துக்கு எத்தனை பங்கு லாபம் என்ற கணக்குக்கு, கட்டினீர்கள் என்று ஓர் இடத்தில்கூட இல்லை. நோட்டிலும் இருக்காது என்று ஊகிக்கிறேன்.

மூன்றில் ஒன்று ஜெயிப்பது பெரிய விஷயமாகத் தோன்றும். பிரிட்டனில் ஃபேவரிட்டாக, அதாவது அந்த ரேஸிலேயே குறைந்த விலையில், ஓடும் குதிரைகளும் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஜெயிக்கத்தான் செய்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஃபேவரிட்டிலும் கட்டுகிறவருக்குப் பணம் மெதுவாகக் கரையும், அவ்வளவுதான். மூன்று குதிரைகள்மேல் தலா பத்து பவுண்டு கட்டுகிறீர்கள், ஒன்று 6/4 விலையில் (நாலு கட்டினால் ஆறு லாபம்) ஜெயிக்கிறது என்று வையுங்கள். போட்டது 30, திரும்பி வருவது 25. அதே குதிரை 5/2-க்குக் கிடைத்திருந்தால் 35. குதிரை அதேதான், டிரெய்னர் அவரேதான், உங்கள் கணிப்பும் மாறவில்லை.

இதை விளக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த கதை யெல்லோ சாம் என்ற குதிரையின் கதை. 1975 ஜூன் 26, அயர்லாந்தின் பெல்லூஸ்டவுன் மைதானம். குதிரையின் சொந்தக்காரர் பார்னி கர்லி. அதற்கு முன் அந்தக் குதிரையை அதற்கு ஒத்துவராத இடங்களில் ஓடவிட்டு, சாதாரணக் குதிரை என்று எல்லோரும் நினைக்கும்படி செய்திருந்தார். அன்றைக்கு எல்லாம் அதற்குச் சாதகம். அதாவது, நாமெல்லாம் நோட்டுப் போட்டுத் தேடுகிற அந்தத் தகவல் அவர் கையில் முழுதாக இருந்தது. எந்தக் குதிரை, எந்த நாள், எல்லாமே தெரியும். ஆனாலும் அவருடைய உழைப்பெல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

அந்தக் காலத்தில் ஊரில் உள்ள பந்தயக் கடைகளில் கட்டிய பணத்துக்கும், ரேஸ் தொடங்கும் நேரத்தில் மைதானத்து புக்கிகளிடம் (பந்தயப் பணம் வாங்குகிறவர்களிடம்) என்ன விலையோ அந்த விலைதான். கடைகளில் திடீரென்று ஒரே குதிரைமேல் பணம் குவிந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? மைதானத்துக்கு ஃபோன் போட்டு, அங்கே அதே குதிரைமேல் கட்டச் சொல்லி விலையை இறக்கிவிடுவார். பெல்லூஸ்டவுனில் இருந்தது ஒரே ஒரு பொதுத் தொலைபேசி. கர்லியின் ஆள் ஒருவர் ரேஸுக்குக் கொஞ்சம் முன்பு அந்தப் பெட்டிக்குள் போய், சாகக் கிடக்கும் அத்தையோடு பேசுவதாகச் சொல்லிக்கொண்டு வெளியே வரவே இல்லை. வரிசையில் நின்றவர்கள் பரிதாபப்பட்டுக் காத்திருந்தார்களாம். அதற்குள் நாடு முழுக்கப் பல கடைகளில் கர்லியின் ஆட்கள் சின்னச் சின்னத் தொகையாகக் கட்டிவிட்டார்கள். குதிரை 20/1 விலையில் ஜெயித்தது. கைக்கு வந்தது 3 லட்சம் பவுண்டுக்கு மேல். சட்டப்படி குற்றம் என்று எதையும் காட்ட முடியாததால் புக்கிகள் கொடுத்தே ஆகவேண்டியிருந்தது. எரிச்சலில் ஒற்றை ஒற்றை நோட்டாக மூட்டை கட்டிக் கொடுத்தார்கள்.

குதிரையை முழுக்கத் தெரிந்தவருக்கே விலையைக் காப்பாற்ற இவ்வளவு பாடு. நீங்களும் நானும் எல்லோரும் பார்த்த அதே வீடியோவைப் பார்த்துவிட்டு, காலையிலேயே இறங்கிப்போன விலையில் கட்டுகிறோம்.

நீங்கள் குறிக்கும் 'வழி கிடைக்காமல் நான்காவது' குதிரைகளின் கதையும் இதுதான். வர்ணனையாளரே கத்திச் சொன்ன விஷயம் அது. அடுத்த முறை அந்தக் குதிரை பட்டியலில் வந்தவுடன் அதன் துரதிர்ஷ்டத்துக்கு ஈடாக விலை இறங்கியிருக்கும், பல சமயம் ஈட்டுக்கும் மேலாகவே. ஃபிராங்கல் எவ்வளவு பெரிய குதிரை! 14 ஓட்டம், 14 வெற்றி. 2012-இல் ராயல் ஆஸ்காட்டில் அதன் விலை 1/10. பத்து பவுண்டு கட்டினால் ஒரு பவுண்டு லாபம். உலகமே பின்தொடர்ந்த குதிரையால் பந்தயம் கட்டுகிறவருக்குப் பார்க்கிற சந்தோஷம்தான் மிச்சம். ஆனால் அது முதன்முதலாக ஓடிய ரேஸை, 2010 ஆகஸ்டில் நியூமார்க்கெட்டில் நடந்ததை, திரும்பப் போட்டுப் பாருங்கள். இரண்டாவதாக வந்தது நத்தானியல். அதுவும் முதல் ஓட்டம்தான். அடுத்த வருடம் கிங் ஜார்ஜ் பந்தயத்தையும் அதற்கடுத்த வருடம் எக்லிப்ஸையும் ஜெயித்தது அந்தக் குதிரை. கூட்டத்தின் கண் ஜெயித்த குதிரைமேல் இருக்கும்போது, அதோடு கடைசி வரை மல்லுக்கட்டியது யார் என்று பார்ப்பதும் நோட்டு வைத்திருப்பவரின் வேலைதான்.

சரி, டிரெய்னர் கணக்குகள். ஒரு டிரெய்னர் ஒரு மைதானத்தில் 20 குதிரைகளை ஓட்டி 6 ஜெயித்தால் 30 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. அதில் இரண்டு தற்செயலாக வந்திருந்தால் 20 சதவீதம்தான். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து ராசி என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இதைவிட மோசம், 'கட்டியிருந்தால் இவ்வளவு லாபம்' என்று போடும் கணக்கு. உள்ளே போய்ப் பார்த்தால் 33/1-இல் வந்த ஒரே ஒரு குதிரை மொத்தக் கணக்கையும் தூக்கி நிறுத்தியிருக்கும். தொலைவிலிருந்து ஒரே ஒரு குதிரையோடு வரும் டிரெய்னர் என்பது இன்னொரு பிரபலமான நம்பிக்கை. அவ்வளவு தூரம் சும்மாவா வருவார் என்று தோன்றும். சும்மாவும் வருவார்கள். குதிரைக்குத் தோதான ரேஸ் அந்த வாரம் அங்கே மட்டும் இருந்திருக்கும், அல்லது சொந்தக்காரரின் வீடு பக்கத்தில் இருக்கும்.

நம்ப வேண்டியது காரணம் தெரிந்த கணக்கை. நியூமார்க்கெட்டில் 1970-லிருந்து டிரெய்னராக இருக்கும் சர் மார்க் பிரெஸ்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் நடக்கும் பெரிய பந்தயமான ஆர்க்கை 2022-இல் ஜெயித்த அல்பினிஸ்டா அவருடைய குதிரைதான், ஆனால் பந்தயக்காரர்களிடம் அவருக்குப் பெயர் வந்தது வேறு விஷயத்தில். ஹேண்டிகேப் என்பது திறமைக்கேற்ப குதிரைமேல் எடை ஏற்றி ஓட்டும் பந்தயம்; பிரிட்டனில் ஒரு குதிரைக்கு அதற்கான மதிப்பெண் கிடைக்கப் பொதுவாக மூன்று ஓட்டம் வேண்டும். மதிப்பெண் ஒரு புள்ளி கூடினால் சுமக்கும் எடை ஒரு ராத்தல் கூடும். நெடுந்தூர ரத்தம் உள்ள இரண்டு வயதுக் குதிரையை அவர் ஆறு, ஏழு ஃபர்லாங்கில் மூன்று முறை ஓட்டுவார். வேகம் போதாமல் அது பின்னால் வரும், மதிப்பெண் குறைவாகக் கிடைக்கும். மறு வருடம் உடம்பு தேறி, ஒன்றரை மைலில் இறங்கும். அடுத்தடுத்து ஜெயிக்கும். மதிப்பெண் வாரம் ஒருமுறைதான் திருத்தப்படும் என்பதால், மதிப்பெண் போடும் அதிகாரி சுதாரிப்பதற்குள் இரண்டு மூன்று முடிந்திருக்கும். இதில் ஏமாற்று இல்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் குதிரை முழு முயற்சியோடு ஓடவேண்டும் என்பது விதி, அது ஓடத்தான் செய்கிறது. தூரம்தான் அதற்கானதல்ல.

இப்போது சிக்கல் என்னவென்றால், இது ஊருக்கே தெரியும். பிரெஸ்காட்டின் மூன்று வயதுக் குதிரை முதல்முறையாக நீண்ட தூர ஹேண்டிகேப்பில் பெயர் கொடுத்தாலே விலை விழுந்துவிடுகிறது. ஆகவே பெயரை விட்டுவிட்டுக் காரணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தாய்க்குதிரை 12 ஃபர்லாங்கில் ஜெயித்தது, குட்டி 7 ஃபர்லாங்கில் மூன்று முறை ஓடித் தோற்றது, இப்போது முதல்முறை தூரம் கூடுகிறது, டிரெய்னர் யாரும் கேள்விப்படாத சின்ன லாயக்காரர். இதை உட்கார்ந்து தேட வேண்டும். சலிப்பான வேலைதான். பலர் அதைச் செய்யாததால்தான் சில நேரம் அங்கே விலை மிச்சம் இருக்கிறது.

பெரிய லாயங்களில் வேறு மாதிரி பாருங்கள். 2025-இல் கிராண்ட் நேஷனல் என்ற பெரிய பந்தயத்தில் டிரெய்னர் வில்லி முல்லின்ஸின் குதிரைகள்தான் முதல் மூன்று இடங்களும். லாயத்தின் முதல் ஜாக்கி பால் டவுனெண்ட், முந்தைய வருடம் ஜெயித்த ஐ ஆம் மேக்சிமஸ்மேல் வந்தார். இரண்டாம் இடம். ஜெயித்தது டிரெய்னரின் மகன் பேட்ரிக் ஓட்டிய நிக் ராக்கெட், 33/1. ஜாக்கி எதன்மேல் உட்காருகிறாரோ அதன் பின்னால் கூட்டம் போய்விடுவதால் அதே லாயத்தின் மற்ற குதிரைகள் பேச்சில் வருவதில்லை. இதை ஒரு விதியாக்கி எல்லா இரண்டாம் குதிரைகள்மேலும் கட்டிவிடாதீர்கள், ஜாக்கியின் தேர்வு சரியாக இருக்கும் நாட்களும் நிறைய.

லாயம் ஃபார்மில் இருக்கிறதா என்று பார்க்கும்போது ஜெயித்தவற்றை மட்டும் எண்ணாதீர்கள். சளித் தொற்று மாதிரி ஏதாவது வந்தால் எல்லாக் குதிரைகளும் சேர்ந்து துவளும். தோற்ற குதிரைகள் தங்கள் விலைக்கேற்ற இடத்திலாவது முடிக்கின்றனவா என்று பார்த்தால் அது முதலிலேயே தெரிந்துவிடும். அப்புறம், டிரெய்னர் கணக்குக்கும் ஆயுள் உண்டு. ஆறு டெர்பி ஜெயித்த சர் மைக்கேல் ஸ்டௌட்டின் குதிரைகள் நாலு, ஐந்து வயதில் தேறும் என்பது அந்தக் காலத்துப் பாடம். அவர் 2024 சீசனோடு ஓய்வு பெற்றுவிட்டார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம்.

ஒரு குதிரையை எத்தனை ரேஸ் வரை என்று கேட்டீர்கள். நான் எண்ணிக்கை வைப்பதில்லை. குறிக்கும்போதே மூன்று வரி எழுதிவிடுங்கள்: ஏன் தோற்றது, என்ன மாறினால் ஜெயிக்கும், அப்போது எந்த விலைக்குக் குறைந்தால் கட்டமாட்டேன். ஈரத் தரை வேண்டும் என்று எழுதியிருந்தால் காய்ந்த தரையில் அது எத்தனை முறை ஓடினாலும் உங்கள் குதிரை அல்ல. நீங்கள் சொன்ன மாற்றம் வந்தும் தோற்றால் காரணம் தப்பு, அடித்துவிடுங்கள். 72 மதிப்பெண்ணில் குறித்தது 80-க்கு ஏறிவிட்டாலும் அடித்துவிடலாம். மூச்சுக்குழல் அறுவை சிகிச்சையை 2018-லிருந்து அறிவித்தாக வேண்டும், முதல்முறை பிளிங்கர்ஸ் (கண்ணின் பக்கவாட்டு மறைப்பு) மாட்டினாலும் பட்டியலிலேயே போட்டுவிடுவார்கள். எல்லோர் கண்ணிலும் படுவதால் அதற்கெல்லாம் தனிப் பக்கம் தேவையில்லை.

நோட்டு சொல்வதும் சந்தை சொல்வதும் ரொம்ப விலகிப்போனால் சந்தோஷப்படுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். ஹாங்காங்கில் கணினி வைத்துப் பெரும் பணம் சம்பாதித்த பில் பென்டர் 1994-இல் தன் முறையைக் கட்டுரையாக எழுதினார். அத்தனை விவரங்களைப் போட்டுச் செய்த கணக்கும் தனியாகப் போதவில்லை, கூட்டத்தின் விலையையும் அதனோடு சேர்த்துக் கணக்கிட்ட பிறகுதான் சரிவந்தது என்கிறார். கூட்டத்துக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நம் நோட்டில் இல்லாமல் இருக்கலாம்.

சந்தாத் தகவல் வேண்டாம். உண்மையான தகவலாக இருந்தாலும், நூறு பேருக்குக் காலையில் அனுப்பினால் பத்து நிமிடத்தில் விலை போய்விடும். கர்லி அதை யாருக்காவது விற்றாரா என்ன?

நீங்கள் கேட்காத ஒன்று. அந்த நட்டம் சினிமா டிக்கெட் மாதிரி போனால் போகட்டும் என்கிற தொகையா, அல்லது வீட்டுச் செலவிலிருந்தோ கடனாகவோ எடுத்ததா? இரண்டாவது என்றால் மேலே எழுதிய எதுவும் உங்களுக்குப் பொருந்தாது, முதலில் நிறுத்துங்கள், வீட்டில் சொல்லுங்கள்.

முதலாவது என்றால், வரும் சீசன் முழுக்கப் பணம் கட்டாமல் நோட்டை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு குதிரைக்கும் இரண்டு விலை: நீங்கள் குறித்த நேரத்தில் இருந்தது, ரேஸ் தொடங்கும்போது இருந்தது. நீங்கள் குறித்த பிறகு விலை தொடர்ந்து இறங்கிக்கொண்டே வந்தால் கூட்டத்துக்கு முன்னால் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் ஏறினால், எத்தனை ஜெயித்திருந்தாலும் அந்தக் கணிப்பை நம்பிப் பணம் போடாதீர்கள். சீசன் முடிந்ததும் அந்த இரண்டு பத்திகளையும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.