கொல்லன் பட்டறைத் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

அயர்லாந்து கிராமங்கள் பற்றிய கட்டுரையில், மரு உதிரக் கொல்லன் பட்டறைத் தொட்டித் தண்ணீரில் கையை நனைப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இது எங்கே கிடைத்த தகவல்? பாதிரியார் இருக்கும் ஊரில் கொல்லனிடம் ஏன் போனார்கள்? என் மகள் டப்ளினில் படிக்கிறாள், அதனால் கேட்கிறேன்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

பள்ளிப் பிள்ளைகள் எழுதிவைத்த தகவல் அது. 1937 முதல் 1939 வரை, நாட்டுப்புற வழக்கங்களைத் திரட்டிய ஐரிஷ் ஃபோக்லோர் கமிஷன் என்ற அமைப்பு, சுதந்திர அயர்லாந்தின் 26 கவுண்டிகளிலும் (நம் மாவட்டம் போல) தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நோட்டில் எழுதச் சொன்னது. சுமார் 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். தலைப்புகளில் ஒன்று ஊர்ப் பட்டறை. தங்கள் தேவாலயப் பங்கில் எத்தனை பட்டறை, கூரை வைக்கோலா தகரமா என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். மரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் கையெழுத்திலேயே இணையத்தில் படிக்கலாம்.

பாதிரியாரிடமும் போனார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கொல்லன் மேலிருந்த பயம் ரொம்பப் பழையது. புனித பேட்ரிக் பெயரால் வழங்கும் பழைய ஐரிஷ் பிரார்த்தனை ஒன்று, பெண்கள், கொல்லர்கள், ட்ரூயிடுகள் (கிறிஸ்தவத்துக்கு முந்தைய பூசாரிகள்) இவர்களின் மந்திரத்திலிருந்து காக்கச் சொல்லிக் கேட்கிறது. (பெண்களை எதற்குச் சேர்த்தார்கள் என்றாள் என் மனைவி. எழுதியவர் ஆண் என்றேன்.)

வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைத் தெரிந்துகொண்டால் அந்தப் பயம் புரியும். இரும்புப் பட்டாவைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகத்தான் அடிப்பார்கள். அதைத் தரையில் கிடத்தி, சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த டர்ஃப் கட்டிகளைச் சுற்றி அடுக்கித் தீ மூட்டுவார்கள். சிவந்து விரிந்ததும் இரண்டு மூன்று பேர் குறடால் தூக்கிவந்து சக்கரத்தில் இறக்கி, சம்மட்டியால் தட்டி உட்காரவைப்பார்கள். மரம் பற்றிக்கொள்ளும். உடனே வாளி வாளியாகத் தண்ணீர். இரும்பு சுருங்கச் சுருங்க விளிம்பு வட்டையும் ஆரக்காலும் நடுவிலுள்ள குடமும் முனகிக்கொண்டே இறுகும். கொஞ்சம் தாமதித்தாலும் சக்கரம் கரிதான். பட்டறை ஓடைப் பக்கம் இருப்பது இதற்கெல்லாம் வசதி.

இதை வாய் பிளந்து பார்த்த பையன், அந்தத் தண்ணீர் மருவைப் போக்கும் என்று பாட்டி சொன்னால் ஏன் நம்பமாட்டான்?

அப்புறம் டிராக்டரும் ரப்பர் டயரும் வந்தன. குதிரையும் போயிற்று, பட்டாவும் போயிற்று. உங்கள் மகளை எனிஸ்கெரிக்கு ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். விக்லோ கவுண்டியில், டப்ளினுக்குத் தெற்கே பக்கம்தான். அங்கே ஒரு பழைய பட்டறைக்கு வாசலையே லாட வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள்.