ஈஸ்ட்டுக்கு ஒரு பதக்கமா?

கேள்வி: ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டைச் சூடாக்கிப் பார்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அமெரிக்க விஞ்ஞானி சூசன் லிண்ட்குவிஸ்ட். அவருக்கு அந்நாட்டு அரசு 2010இல் தேசிய அறிவியல் பதக்கம் வழங்கியதாகப் படித்தேன். மனித நோய்களை ஆராய்பவர்கள் பணமின்றித் தவிக்கும்போது இது வீண் செலவு இல்லையா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை. ஈஸ்ட் ஒரு பக்கம், மனித நோய் மறுபக்கம் என்று நீங்கள் கிழித்திருக்கும் கோடு இயற்கையில் கிடையாது.

புரதம் தனக்குரிய வடிவில் மடிந்தால்தான் வேலை செய்யும். சூடேறினால் மடிப்பு குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். முட்டை வேகும்போது வெள்ளைக்கரு இறுகுவது அப்படித்தான். ஆனால் உயிருள்ள செல் வெந்துபோகும் வரை காத்திருப்பதில்லை. சூடு பட்ட சில நிமிடங்களிலேயே தற்காப்புக்கென்று சில புரதங்களை அவசரமாக உருவாக்குகிறது. இவையே வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். இத்தாலியின் ஃபெருச்சியோ ரிட்டோசா இந்த எதிர்வினையைப் பழ ஈயின் குரோமோசோம்களில் கண்டு 1962இல் வெளியிட்டார். யாரோ இன்குபேட்டரின் வெப்பத்தைக் கூட்டிவிட்டதால் கண்ணில் பட்டது அது. கட்டுரை வெளியாகும் முன், உயிரியலுக்கு இதனால் என்ன பயன் என்று ஒரு பெரிய இதழ் அக்கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தது. உங்கள் கேள்வியை அன்றே ஒருவர் கேட்டுவிட்டார்!

லிண்ட்குவிஸ்ட் ஹார்வர்டில் இதே ஈயை ஆராய்ந்து 1976இல் முனைவர் பட்டம் பெற்றவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த பின் ஈஸ்ட்டுக்கு மாறினார். பணி நிரந்தரமாகாத நிலையில் இப்படித் தாவாதே என்று சக ஆசிரியர்கள் எச்சரித்தார்கள். வேண்டிய மரபணுவை நீக்கிவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்க ஈஸ்ட்டில் முடியும், ஈயில் அன்று அது எளிதல்ல. அந்த ஒரு வசதிக்காக அவர் தன் வேலையையே பணயம் வைத்தார். இந்தத் துணிச்சலுக்கே நான் தலைவணங்குவேன்.

பலன் 1990இல் வந்தது. 37 டிகிரியில் சற்று நேரம் பழக்கிய ஈஸ்ட், பிறகு 50 டிகிரியையும் தாங்கும். எச்எஸ்பி104 என்ற ஒரே ஒரு வெப்ப அதிர்ச்சிப் புரதத்தின் மரபணுவை நீக்கினால், அதே ஈஸ்ட் 100 முதல் 1,000 மடங்கு வேகமாகச் சாகிறது. அந்தப் புரதம் கட்டியாகிப்போன மற்ற புரதங்களைப் பிரித்தெடுத்து மீட்கிறது என்பதை அவரது ஆய்வகம் அடுத்த சில ஆண்டுகளில் காட்டியது. கட்டியானது கட்டியானதுதான், மீளாது என்று அதுவரை நம்பியிருந்தவர்கள் பலர்.

மனிதனிடம் எச்எஸ்பி104 கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புரதம் கட்டியாகும் ஆபத்து நமக்கும் உண்டு. கைகால் நடுங்க வைக்கும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களின் மூளை செல்களில் ஆல்ஃபா-சைனியூக்ளின் என்ற புரதம் அப்படித்தான் திரள்கிறது. லிண்ட்குவிஸ்ட் அந்த மனிதப் புரதத்தை ஈஸ்ட்டுக்குள் செலுத்தி, 2003இல் முடிவை வெளியிட்டார். நரம்பே இல்லாத உயிரியில் நரம்பு நோயா என்று சந்தேகப்பட்டார்கள். ஈஸ்ட்டோ நோயுற்றது. 2006இல் காரணமும் ஓரளவு தெரிந்தது: செல்லுக்குள் ஓரிடத்தில் தயாரான புரதங்களை அடுத்த இடத்துக்குக் கொண்டுசெல்லும் போக்குவரத்து அடைபடுகிறது. அந்த அடைப்பை நீக்க உதவும் ஒரு புரதத்தைக் கூடுதலாகக் கொடுத்ததும் ஈஸ்ட் பிழைத்தது. அதே உத்தி ஈயிலும், புழுவிலும், எலியின் நரம்பு செல்களிலும் பலித்தது. சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன் நம்மிடமிருந்து பிரிந்த உறவு ஈஸ்ட்!

நடுவே 2001 முதல் 2004 வரை லிண்ட்குவிஸ்ட் அமெரிக்காவின் வைட்ஹெட் உயிரியல் ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தார், அப்பதவியில் அமர்ந்த முதல் பெண். பிறகு விரும்பி ஆய்வகத்துக்கே திரும்பினார். 2016 அக்டோபரில், 67 வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று.

பார்க்கின்சனைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. அதற்காக நீங்கள் பொறுமை இழப்பது நியாயம். மனித நோய் ஆய்வுக்குப் பணம் போதவில்லை என்பதும் உண்மை, அதற்காக உரக்கக் கேளுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் ஈஸ்ட்டிடமிருந்து பிடுங்கிக் கொடுக்கச் சொல்லாதீர்கள். எலியின் நரம்பு செல்லில் எந்தப் புரதத்தைக் கூட்டிப் பார்ப்பது என்று ஆய்வாளர்களுக்குச் சொன்னதே ஈஸ்ட்தான்.