ஆழ்கடல்ல துளை போடுற ஆராய்ச்சிக் கப்பல்ல வாழ்க்கை எப்படி இருக்கும்? மலை ஊர்க்காரங்களுக்கு ஒத்துவருமா?

கேள்வி கேட்ட தம்பி கோத்தகிரியாம், ஜியாலஜி படிக்கிறாராம், கப்பல் வேலைன்னு சொன்னதுமே வீட்ல பயப்படுறாங்களாம். நானும் அந்த மலைதான், கீழ்கோத்தகிரி பக்கம். மைக்ரோஃபாசில், அதாவது கண்ணுக்குத் தெரியாத சின்னப் புதைபடிவங்களைப் படிச்ச ஆளுங்குற கணக்குல ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல்ல இந்தியப் பெருங்கடல் பக்கம் போயிருக்கேன், அதனால தெரிஞ்சதைச் சொல்றேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கங்க.

கப்பலைப் பத்தி முதல்ல. 1978ல எண்ணெய் தேடுறதுக்குன்னு கட்டுனது, 1985ல இருந்து 2024 வரைக்கும் ஆராய்ச்சில இருந்துச்சு. 143 மீட்டர் நீளம், நடுவுல தண்ணி மட்டத்துல இருந்து 60 மீட்டருக்கு மேல நிக்கிற இரும்பு டவர், அதுக்கு நேர் கீழ கப்பல் வயித்துல ஒரு ஓட்டை, மூன்பூல்னு சொல்வாங்க, பைப் அது வழியாதான் கடலுக்குள்ள இறங்கும். நங்கூரமெல்லாம் போட மாட்டாங்க, மூணு நாலு கிலோமீட்டர் ஆழத்துல எங்க போய் போடுறது, அடியில இருக்குற 12 த்ரஸ்டருங்க, அதாவது தள்ளுற விசிறிங்க, கம்ப்யூட்டர் சொல்ற பக்கம் தள்ளித் தள்ளி கப்பலை ஒரே இடத்துல பிடிச்சு வெச்சிருக்கும். ஒரு பைப் சுமார் ஒன்பதரை மீட்டர், மூணு பைப் சேர்த்தா ஒரு ஸ்டாண்ட், 3,600 மீட்டர் ஆழம்னா நூறு ஸ்டாண்டுக்கு மேல மாட்டி மாட்டி இறக்கணும், கடல் தரையைத் தொடுறதுக்குள்ளயே ஒரு ஷிஃப்ட் போயிரும். அதுவரைக்கும் சயின்டிஸ்டுங்க எல்லாம் காபி குடிச்சுட்டு டவரை அண்ணாந்து பாத்துட்டு நிப்போம்.

வாந்தி வருமா தலை சுத்துமான்னு எல்லாரும் கேக்குறாங்க. மேட்டுப்பாளையம் இறங்குறதுக்குள்ள பஸ் ஜன்னல்ல தலையை நீட்டுற ஆளுதான் நானு, எனக்கே மூணாவது நாள்ல சரியாயிருச்சு, மாத்திரை இருக்கு, கப்பல்லயே டாக்டர் இருக்காரு. அதை விடுங்க. நிஜமான கஷ்டம் ஷிஃப்ட்தான். பன்னெண்டு மணி நேரம், மத்தியானம் பன்னெண்டுல இருந்து நடுராத்திரி பன்னெண்டு வரைக்கும் ஒரு செட், அங்க இருந்து மறுநாள் மத்தியானம் வரைக்கும் இன்னொரு செட். ரெண்டு மாசம் ஒரு நாள் கூட லீவு கிடையாது, ஞாயித்துக்கிழமைன்னு ஒன்னு இருக்கிறதே மறந்துரும். நம்ம ஊர்ல சீசன்ல டீ ஃபேக்டரி எப்படி ஓடும், இலை வந்து இறங்க இறங்க வாட்டி அரைச்சு அனுப்பிட்டே இருக்கணும், நிறுத்துனா மேல இருந்து வர்ற இலை கெட்டுப்போகும், அதே ஓட்டம்தான் இங்கயும், இலைக்குப் பதிலா சேறு. சாகசம் அது இதுன்னு நெனச்சு வர்றவங்க முதல் வாரத்துலயே சோர்ந்து போறதை பாத்திருக்கேன், ஃபேக்டரி வேலைன்னு நெனச்சு வர்றவங்க நல்லா தாக்குப்பிடிக்கிறாங்க.

அந்தச் சேறு எப்படி வருதுன்னு பாக்கணும், அதுலதான் மொத்த விஷயமும் இருக்கு. பைப்பை மேல இழுக்குறது இல்ல, பைப்புக்கு உள்ளாலயே கம்பியில ஒரு குழாயை இறக்கி, தண்ணி அழுத்தத்துல அதை ஒரே அடியா சேத்துக்குள்ள ஒன்பதரை மீட்டர் பாய வெச்சு, திரும்ப கம்பியில தூக்கிருவாங்க. அப்படி உருளையா வர்ற மண்ணுக்குத்தான் கோர்னு பேரு. ஸ்பீக்கர்ல "கோர் ஆன் டெக்"னு ஒரு குரல் வரும், என்ன சாப்பிட்டுட்டு இருந்தாலும் போட்டுட்டு ஹெல்மெட் கண்ணாடி மாட்டிட்டு கேட்வாக்குக்கு, அதாவது கோரை வாங்கி வைக்கிற நடைமேடைக்கு ஓடணும். நீளமான பிளாஸ்டிக் குழாய், லைனர்னு சொல்வாங்க, தொட்டா ஜில்லுனு இருக்கும், உள்ள பச்சையும் சாம்பலும் கலந்த களிமண், சில கோர்ல அழுகுன முட்டை நாத்தம் வரும், கேஸ் உப்பி வெளிய பிதுக்கும், அப்ப லைனர்ல சின்ன ஓட்டை போட்டு காத்தை விடுவாங்க. துடைச்சு, அளந்து, ஒன்றரை மீட்டர் துண்டு துண்டா அறுத்து, மேல் முனைக்கு நீல மூடி, கீழ் முனைக்கு நிறமில்லாத மூடி, அசிட்டோன் தடவி ஒட்டிருவாங்க. அந்த அசிட்டோன் வாசனை சட்டையில ஏறுனா எறங்காது.

நீல மூடி மேல, நிறமில்லாத மூடி கீழ. கேக்க சின்ன விஷயம். ஆனா கப்பல்ல இருக்குற அத்தனை பேரும், டிரில்லர்ல இருந்து புரொஃபசர் வரைக்கும், மாரடிக்கிறது இந்த ஒரு வரிசைக்குத்தான். மேல இருக்குறது புதுசு, கீழ இருக்குறது பழசு, அது தலைகீழா போயிருச்சுன்னா அவ்ளோ செலவு பண்ணி எடுத்தது வெறும் சேறு. பின்னாடி கோரை நீளவாக்குல ரெண்டா பிளக்கும்போது கூட கீழ இருந்து மேலாக்கதான் அறுப்பாங்க, அதனால பழைய மண்ணு கொஞ்சம் புதுசு மேல இழுபட்டிருக்கும்னு தெரிஞ்சுக்கிட்டுதான் சாம்பிள் எடுக்கணும். ஒரு பாதி ஆர்க்கைவ், அதுல யாரும் கை வைக்கக் கூடாது, போட்டோ எடுத்து எழுதி வெச்சுருவாங்க. இன்னொரு பாதியிலதான் நாம தோண்டலாம். கேட்வாக்ல டெக்னீஷியன் "ஓரமா நில்லுங்க"ன்னா எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் நகரணும், எனக்கு அந்தக் கப்பல்ல ரொம்பப் பிடிச்ச விஷயம் அதுதான்.

என் வேலை கோர் கேட்சர்ல வர்ற சேறு, அதாவது குழாயோட அடி நுனியில மாட்டுற கைப்பிடி மண்ணு. 63 மைக்ரான் சல்லடையில போட்டு தண்ணிய பீச்சி களிமண்ணையெல்லாம் கழுவி விட்டா, சீனி மாதிரி கொஞ்சூண்டு மிஞ்சும், அது பூராவும் ஃபொராமினிஃபெரா, ஒத்தை செல் உசுருங்களோட சுண்ணாம்புக் கூடு, சுருக்கமா ஃபொராம். அடுத்த சாம்பிளுக்கு முன்னாடி சல்லடையை மெத்திலீன் ப்ளூ சாயத்துல முக்கி எடுக்கணும், ஏன்னா பழைய சாம்பிள்ல இருந்து ஒரு கூடு சல்லடையில ஒட்டியிருந்தா அது நீலமா தெரியும், எண்ணும்போது ஒதுக்கிரலாம். கையெல்லாம் நீலம்தான். காயவெச்சு மைக்ரோஸ்கோப்ல வெச்சா எந்தெந்த வகை இருக்கு, எது இன்னும் வரல, எது அழிஞ்சு போச்சுன்னு பாத்து மண்ணோட வயசைச் சொல்லணும், பயணத்தை நடத்துற தலைமை சயின்டிஸ்ட், கோ-சீஃப், பின்னாடியே நின்னுட்டு இருப்பாரு. நானோஃபாசில் ஆளுங்க, அதாவது இன்னும் பொடிசான புதைபடிவங்களைப் பாக்குறவங்க, டூத்பிக்ல துளி சேத்தை எடுத்து கிளாஸ்ல தடவி பத்து நிமிஷத்துல வயசு சொல்லிருவாங்க, நாங்க கழுவிக் காயவெச்சு வர்றதுக்குள்ள அடுத்த கோர் வந்து நிக்கும். பொறாமைதான், மறைக்க என்ன இருக்கு.

வரிசைன்னு சொன்னேன்ல, அது கலைஞ்சு கிடந்தா எப்படி இருக்கும்னும் இதே கப்பல்ல பாத்திருக்காங்க. 2015ல கொழும்புல கிளம்பி மும்பையில முடிஞ்ச அரபிக்கடல் பயணம், நான் அதுல இல்ல. அரபிக்கடலுக்கு அடியில இருக்குற லக்ஷ்மி பேசின்ங்குற பள்ளத்துல துளை போட்டப்ப ஒரு இடத்துல 300 மீட்டருக்கு மேல கனமா, கலைஞ்சு போன மண்ணும் பழைய சுண்ணாம்புப் பாறைத் துண்டுங்களுமா வந்துச்சு. சுமார் 1 கோடியே 8 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி நம்ம மேற்குக் கரையோட சரிவே பேந்து கடலுக்குள்ள விழுந்திருக்கு. அந்தச் சரிவுக்கு நடராஜான்னு பேர் வெச்சிருக்காங்க, பொருத்தம்தான், ஆடுன ஆட்டம் அப்படி.

சாப்பாடு நல்லாவே இருக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நடுராத்திரியும் சேத்து நாலு வேளை. சமையல்ல, டெக்ல, எல்லாத்துலயும் பிலிப்பைன்ஸ் ஆளுங்க நெறைய, அதனால சோத்துக்குப் பஞ்சமே இல்ல, ஊறுகாய் மட்டும் நாம கொண்டுபோகணும். துணியைப் பையில போட்டு வெளிய வெச்சா துவைச்சு வந்துரும். மது கிடையாது. ரூமை எதிர் ஷிஃப்ட் ஆள்கூட பங்கு போட்டுக்கணும், நீங்க தூங்கும்போது அவர் வேலையில, அவர் தூங்கும்போது நீங்க, அதனால ரெண்டு மாசம் ஒரே ரூம்ல இருந்தவரோட நாலு வார்த்தை சேந்தாப்ல பேசியிருக்க மாட்டீங்க. டீதான் கொடுமை. டீ பேக். கீழ்கோத்தகிரில பொறந்தவனுக்கு இதெல்லாம் ஒரு தண்டனை, நான் ஊர்ல இருந்து டஸ்ட் பாக்கெட் கொண்டுபோய் லேப்ல கெட்டில் வெச்சு போட்டுக் குடுத்ததுல நெறைய பேர் ஃப்ரெண்ட் ஆனாங்க. வீட்ல பயப்படுறாங்கன்னீங்கல்ல, டாக்டர் இருக்காரு, குடி இல்ல, நாலு வேளை சோறு, இந்த மூணை மட்டும் முதல்ல சொல்லுங்க.

எங்க வீட்ல அப்பாவுக்கு பயம் இல்ல, அப்பாயிதான். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்புறதுக்குப் போட்ட ஸ்ரீமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல, தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, அங்க இருந்து டான்டீங்குற அரசு தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்தவங்க அவங்க. கப்பல்னா அவங்களுக்கு ஊரை விட்டுப் போறது, திரும்பி வர்றதுங்குற கணக்கே அதுல இல்ல. "ஏய்யா, இந்த மலையில இல்லாத மண்ணா கடலுக்கடியில இருக்கு?"ன்னு கேட்டாங்க.

சும்மா கேட்டாங்கன்னு தள்ள முடியாது. ஊட்டிக்குப் பக்கத்துல சாண்டிநல்லா, ஆட்டுப்பண்ணை இருக்கே, அந்தச் சதுப்புல இருக்குற கருப்பு பீட் மண்ணும், அதாவது செடிங்க மக்கிச் சேர்ந்த மண்ணும், கடல் சேறு மாதிரியே பழைய காலத்து மழைக்கணக்குதான். யானை ஆராய்ச்சிக்குப் பேர் போன ரா. சுகுமார் குழு 1993லயே நேச்சர் பத்திரிகைல நீலகிரி பீட்டை வெச்சு எழுதியிருக்காங்க. மரங்களும், குளிரும் ஈரமும் தாங்குற செடிங்களும் கார்பனை ஒரு விதமா எடுத்துக்கும், வறண்ட காலத்து புல்லு வேற விதமா எடுத்துக்கும், அழுகி பீட் ஆனப்புறமும் அந்த வித்தியாசம் கார்பன் ஐசோடோப்புல, அதாவது எடை வேற வேறயா இருக்குற கார்பன் அணுக்களோட அளவுல, அப்படியே நிக்கும். அதை வெச்சு எப்ப மழை நல்லா இருந்துச்சு, எப்ப காஞ்சுதுன்னு சொல்லிட்டாங்க. ஆனா சாண்டிநல்லா பீட் சுமார் 40,000 வருஷத்தோட நின்னுரும். கடல்ல பல லட்சம், சில இடத்துல கோடி வருஷமா ஒரு மழை விடாம கணக்கு இருக்கு. வங்கக்கடல்ல பருவமழை பலமா இருந்தா ஆத்துத் தண்ணி கொட்டி மேல்மட்ட உப்பு குறையும், அங்க மிதக்குற ஃபொராம் கூட்டுல அது பதிஞ்சு, செத்து அடியில விழுந்து, வரிசையா அடுக்கிரும். மலை மண்ணும் வேணும் கடல் மண்ணும் வேணும், ஒன்ன வெச்சு இன்னொன்ன சரிபாக்குறோம்னு அப்பாயிகிட்ட சொன்னேன், "அப்ப மலை மண்ணையே பாரு"ன்னுட்டாங்க.

ஒரு ராத்திரி கப்பல்ல இருந்து வீட்டுக்குப் போன் போட்டேன், அம்மா "தம்பி சாப்டியா"க்கு அடுத்து "இங்க மழை விடவே இல்ல, ரோட்ல மண்ணு சரிஞ்சு பஸ் வரல"ன்னாங்க. அப்ப என் முன்னாடி மைக்ரோஸ்கோப்ல இருந்தது அஞ்சு லட்சம் வருஷத்துக்கு முந்தின மழை. லைன் கட் ஆயிருச்சு, அடுத்த கோர் வந்துருச்சு, போயிட்டேன்.

இனி எப்படிப் போறதுன்னா, ஜாய்டிஸ் ரெசல்யூஷன் 2024ல கடைசிப் பயணத்தை முடிச்சு ஆராய்ச்சில இருந்து விலகிருச்சு, பணம் குடுத்துட்டு இருந்த அமெரிக்கா ஒப்பந்தத்தை நீட்டிக்கல, எனக்கு அது இன்னும் ஆறல. ஜப்பானோட துளை போடுற கப்பல் சிக்யூ இருக்கு, ஜப்பானும் ஐரோப்பாவும் சேந்து 2025ல இருந்து புதுத் திட்டம் நடத்துறாங்க, சீனா 2024 நவம்பர்ல மெங் ஷியாங்னு பெரிய கப்பல் விட்டுருக்கு. இந்தியப் பக்கம் கோவால இருக்குற துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தோட அறிவிப்புகளைப் பாத்துட்டே இருங்க. கப்பல் கிடைக்கிற வரைக்கும் சும்மா இருக்கணும்னு இல்ல. இந்தியப் பெருங்கடல்ல எடுத்த கோரெல்லாம் ஜப்பான்ல கோச்சிங்குற ஊர்ல குளிர் அறையில இருக்கு, கேரளா கொச்சின்னு நெனச்சு ஒருத்தர் என்கிட்ட பஸ் ரூட் கேட்டாரு, அது இல்ல. என்ன ஆராய்ச்சி, எந்தக் கோர்ல எத்தனாவது சென்டிமீட்டர்னு காரணத்தோட எழுதி விண்ணப்பிச்சா சாம்பிள் அனுப்புவாங்க. அதை உங்க கைடு மூலமா கேளுங்க, அதுக்கு முன்னாடி ஒரு சல்லடையும் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பும் இருக்குற லேபா பாத்துச் சேருங்க, ஃபொராம் பிரிக்கக் கை பழகவே ஆறு மாசம் ஆகும்.