ஏலத்துக்கு வந்த வீடும் வாடகைக்கு இருப்பவரும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசிக்கு ஒரே பொருள். நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் வங்கி தானே ஈட்டுச் சொத்தை விற்கும் பரேட் ஏலங்கள் 2025 மார்ச் 31 வரை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. அந்தத் தடை போனபின் கேற்றுகளில் மறுபடி ஏலத் தாள் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள்.

கேள்வி: நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீடு வங்கி ஏலத்துக்கு வருகுதாம். எங்களை எழுப்பலாமா? (கொட்டாஞ்சேனை)

நீங்கள் எப்போது குடிவந்தீர்கள்? வீட்டுக்காரர் வீட்டை வங்கிக்கு அடமானம் வைத்த ஈட்டு உறுதி எப்போது எழுதப்பட்டது? இரண்டையும் எழுதவில்லை. வைத்தியரிடம் போய் "நோகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பது போல இருக்கிறது. இரண்டு திகதியையும் எழுதி அனுப்புங்கள். அதுவரை அடுத்த பதிலை வாசியுங்கள்.

கேள்வி: இரண்டு வருடமாக ஒரு தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். புரோக்கர் எழுதித் தந்த அக்ரிமென்ட் உண்டு, ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கொடுத்தோம். போன மாதம் கேற்றில் ஏல அறிவித்தல் ஒட்டியிருந்தது. வீட்டுக்காரர் "அது சும்மா, வங்கியோட கதைச்சாச்சு" என்று கிழித்துப் போட்டார். எங்களுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. வாடகைக்காரருக்கு அறிவிக்காமல் ஏலம் போடலாமா ஐயா? (வெள்ளவத்தை)

போடலாம் அக்கா. வங்கிகள் கடனை அறவிடுவதற்கான 1990ஆம் ஆண்டு 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வங்கியின் பணிப்பாளர் சபை விற்பனைத் தீர்மானம் எடுத்தால் அது வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வர வேண்டும். கடன்காரருக்கு, அதாவது கடன் எடுத்தவருக்கு, தபாலில் பிரதி போக வேண்டும். ஏலத் திகதியை இரண்டு வாரத்துக்கு முன்பாவது வர்த்தமானியில் போட்டு, பிரதியைக் கடன்காரருக்கு அனுப்பி, காணியிலும் கச்சேரிச் சுவரிலும் நீதிமன்றச் சுவரிலும் ஒட்ட வேண்டும். வாடகைக்காரருக்குத் தனிக் கடிதம் என்று எங்கும் இல்லை. கேற்றில் ஒட்டிய தாள்தான் உங்களுக்கு வந்த கடிதம். அதைத்தான் வீட்டுக்காரர் உங்கள் கண்ணுக்கு முன்னால் கிழித்திருக்கிறார்.

ஏலம் முடிந்ததும் வாங்கியவருக்கு விற்பனைச் சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்து அவர் மாவட்ட நீதிமன்றத்தில் உடைமை கேட்பார். அங்கே சட்டம் இரண்டு வழி வைத்திருக்கிறது. வீட்டில் இருப்பவர் கடன்காரரோ, அவர் சார்பில் இருப்பவரோ, ஈடு வைத்த பிறகு கடன்காரர் கொடுத்த உரிமையில் இருப்பவரோ என்றால், நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அலுவலரான பிஸ்கால் வந்து வாங்கியவரிடம் வீட்டை ஒப்படைப்பார். நீங்கள் சாமானோடு வெளியே. அப்படியில்லாமல், குடியிருக்க உரித்துள்ள வாடகைக்காரர் என்றால் எழுப்புவதில்லை. விற்பனை நடந்தது என்று மூன்று மொழியில் ஒட்டி, தமுக்கடித்து அறிவிப்பதோடு சரி, அதன் பிறகு வாங்கியவர்தான் உங்கள் வீட்டுக்காரர். தமுக்கு என்று எழுதியதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். சட்டத்தில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

ஆக, எது முந்தியது, ஈடா குடிவரவா? எல்லாம் அதில்தான் நிற்கிறது.

இனி அந்த அக்ரிமென்ட். இதைப் பற்றி எழுதி எழுதியே என் பேனா தேய்ந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சியோடு எழுத வேண்டும். இது 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், நேற்று வந்த விதி இல்லை. புரோக்கர் தட்டச்சு அடித்து முத்திரை ஒட்டிய தாளை வைத்துக்கொண்டு "இரண்டு வருடக் குத்தகை இருக்கு" என்று நீதிமன்றத்தில் நிற்க முடியாது. மாதாமாதம் வாடகைக்கு இருப்பவர் என்ற அளவுக்குத்தான் அதற்குப் பெறுமதி. அப்படி ஒரு தாளைக் கொண்டுவந்த ஒரு குடும்பத்தின் முகத்தைப் புதுக்கடை நீதிமன்றத்தில் பார்த்தது இன்னும் மறக்கவில்லை. பதினைந்து இலட்சம் முற்பணம், மகளுக்கு அடுத்த கிழமை சோதினை. ஈடு அவர்கள் குடிவர மூன்று வருடத்துக்கு முந்தியது. காணிப் பதிவகத்தில் அரை நாள் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும்.

சந்தையில் வெண்டிக்காய் வாங்கும்போது நுனியை முறித்துப் பார்க்கிறோம். இலட்சக்கணக்கில் முற்பணம் கொடுக்கும்போது மட்டும் தோம்பு (காணிப் பதிவேடு) பார்க்க வெட்கப்படுகிறோம், "வீட்டுக்காரர் குறை நினைப்பார்" என்று. நினைக்கட்டும்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: ஈட்டின் திகதியைப் பதிவகத்தில் பாருங்கள். நீங்கள் குடியிருப்பதையும் எப்போது வந்தீர்கள் என்பதையும் வங்கிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். வாடகைப் பற்றுச்சீட்டுகளைச் சேருங்கள். மிச்ச முற்பணத்தை வீட்டுக்காரரிடம் இன்றே எழுத்தில் கேளுங்கள், ஏலத்தில் எடுத்தவர் தருவார் என்று இருக்க வேண்டாம். புதிதாக ஒரு சதமும் முற்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் குத்தகை உறுதி 2019இல் நொத்தாரிசு எழுதிப் பதிந்தது. வீட்டுக்காரர் 2021இல் ஈடு வைத்தார். பயப்பட வேண்டுமா? (மட்டக்குளி)

இல்லை. தவணை முடியும்வரை உங்கள் குத்தகையைச் சுமந்தபடிதான் வீடு கைமாறும். எல்லாரும் உங்களைப் போல இருந்தால் எனக்கு இந்தப் பத்தி எழுதும் வேலை இல்லை.

கேள்வி: எடுத்த கடன் நாற்பத்தைந்து இலட்சம். வட்டியோடு எழுபதைத் தாண்டிவிட்டது. பரேட் செய்யலாமா? (தெகிவளை)

2011 திருத்தத்தின்படி ஐம்பது இலட்சத்துக்குக் குறைந்த கடனுக்கு முடியாது. முதலைத்தான் பார்ப்பார்கள், ஏறிய வட்டியை அல்ல. ஆனால் கடன் போய்விடவில்லை, வங்கி வழக்குப் போடும். அழைப்பாணை வந்தால் அலுமாரிக்குள் வைக்க வேண்டாம்.

கேள்வி: ஏலத்தில் எடுத்தவர் என்று ஒருவர் ஆட்களோடு வந்து தண்ணீரை வெட்டி, முன் கதவின் பூட்டை மாற்றிவிட்டார். நீதிமன்றக் கட்டளை எதையும் காட்டவில்லை. (பம்பலப்பிட்டி)

சான்றிதழ் கையில் இருந்தாலும் பூட்டு மாற்றும் உரிமை அவருக்கு இல்லை. கட்டளையும் பிஸ்காலும் வேண்டும். உடனே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள், பிரதி வாங்குங்கள். 1979ஆம் ஆண்டு ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் திரும்ப உள்ளே போக வழி உண்டு, ஆனால் வெளியேற்றி இரண்டு மாதத்துக்குள் வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும். "பேசித் தீர்ப்பம்" என்று அந்த இரண்டு மாதத்தையும் கரைப்பவர்கள்தான் அதிகம். காசு இல்லையென்றால் புதுக்கடையிலேயே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டுக்காரர் கடன் வாங்கியது வங்கியில் இல்லை, ஒரு வட்டிக்காரரிடம். அவரும் ஏலம் போடுவாரா? (கிருலப்பனை)

தானாகப் போட முடியாது, ஈட்டு வழக்குப் போட்டுத் தீர்ப்பு எடுக்க வேண்டும். 1949ஆம் ஆண்டு ஈட்டுச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு வசதி இருக்கிறது. ஈட்டுக்குப் பிந்திய உரிமை என்றாலும், உங்கள் உறுதி பதிவாகி, அறிவித்தல் பெறும் முகவரியையும் வழக்குப் பதிவாகுமுன் பதிவகத்தில் பதிந்து வைத்தால் உங்களையும் அந்த வழக்கில் சேர்க்க வேண்டும். பதியாதவருக்கு இதுவும் இல்லை. மறுபடி பதிவகம்தான், பார்த்தீர்களா?

கேள்வி: மருமகன் கடனுக்கு என் வீட்டை ஈடு கொடுத்தேன். கடன் என் பெயரில் இல்லை. (வத்தளை)

கடன்காரர் அல்லாதவர் வைத்த ஈட்டில் பரேட் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடன் எடுத்தது கம்பனி, ஈடு வைத்தது அதன் பணிப்பாளர் என்று வந்தால் கதை மாறும். உறுதியோடு சட்டத்தரணியிடம் போங்கள், ஏலத்துக்கு முதல் நாள் அல்ல, இன்றைக்கு. சான்றிதழ் கொடுத்துவிட்டால் நடைமுறை எல்லாம் சரியாக நடந்தது என்பதற்கு அதுவே முடிந்த சான்று ஆகிவிடும்.

கேள்வி: ஏலம் முடிந்தது, பழைய வீட்டுக்காரரும் ஏலத்தில் எடுத்தவரும் வாடகை கேட்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது? (நாரஹேன்பிட்டி)

சான்றிதழின் பிரதியைக் காட்டியவருக்கு, அதன் திகதியிலிருந்து. பழையவருக்கு அதைச் சொல்லி ஒரு கடிதம் போடுங்கள். வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட வீடென்றால் மாநகர சபையில் கட்டவும் வழி உண்டு. யாரிடம் கட்டினாலும் பற்றுச்சீட்டு. அதில் திகதி.