உறையாத பாலும் உறைக்குள் நடக்கும் போரும்: கேள்வி பதில்

கேள்வி (அம்பத்தூர், சிறிய தயிர்க் கூடம் நடத்துபவர்): ஐயா, பாக்கெட்டில் விற்கும் கல்ச்சர், அதாவது தயிர் பாக்டீரியா உறைதான் ஊற்றுகிறோம். மூன்று நாள் நன்றாக உறைந்தது. நான்காம் நாள் ஆறு மணி நேரமாகியும் பாலாகவே நிற்கிறது. பால்காரரை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பாலில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருந்தாலும் இப்படி நேரும். அதே பாலை ஒரு டம்ளரில் எடுத்து, வேறு உறையை இட்டுப் பாருங்கள். அது உறைந்துவிட்டால் பழி பாலின்மேல் இல்லை. உங்கள் கல்ச்சரின் பாக்டீரியாவை ஃபேஜ் எனும் வைரஸ் தாக்கியிருக்க வாய்ப்பு அதிகம். பாலாடைக்கட்டி உறைகளில் இந்தச் சிக்கலை 1935இலேயே நியூசிலாந்தில் வைட்ஹெட், காக்ஸ் இருவரும் கண்டறிந்தனர்.

கேள்வி (மாதவரம், கால்நடை மருத்துவ மாணவி): பாக்டீரியாவுக்கு இதற்கு எதிரான தற்காப்பு உண்டா, ஐயா?

பதில்: ஒன்றல்ல, பல உண்டு, அம்மா. சில பாக்டீரியாக்கள் வைரஸ் வந்து ஒட்டும் இடத்தையே மாற்றிக்கொள்கின்றன. சில, தம் டி.என்.ஏ.வில் வேதியியல் முத்திரை குத்தி வைத்து, முத்திரையில்லாமல் நுழையும் டி.என்.ஏ.வை நொதியால் வெட்டுகின்றன. பாலைப் புளிக்க வைக்கும் லாக்டோகாக்கஸ் எனும் பாக்டீரியாவில் இன்னொரு வழி: தொற்றிய செல், வைரஸ் பெருகுமுன் தானே மடிந்து கூட்டத்தைக் காக்கிறது. இந்தத் தற்காப்புகளுக்கான மரபணுக்களில் பல, பிளாஸ்மிட் எனும் தனி டி.என்.ஏ. வளையங்களில் இருப்பதால் ஒரு செல்லிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறுகின்றன.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது கிரிஸ்பர் எனும் தற்காப்பு. தயிரில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸின் மரபணுத் தொகுப்பில், திரும்பத் திரும்ப வரும் வரிகளுக்கிடையே ஏறத்தாழ 30 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள துண்டுகள் உள்ளன. அவை பழைய வைரஸ்களிடமிருந்து வெட்டி எடுத்து வைத்த அடையாளங்கள். புதியது பெரும்பாலும் வரிசையின் ஒரே முனையில்தான் சேரும். அதே வைரஸ் மறுபடி வந்தால் அத்துண்டின் ஆர்.என்.ஏ. நகல் அதை இனங்காட்ட, காஸ் எனப்படும் பாக்டீரியாவின் புரதங்கள் வெட்டிவிடுகின்றன. உணவுக் கல்ச்சர் தயாரித்த டானிஸ்கோ நிறுவனத்தின் பராங்கு, ஹோர்வாத் ஆகியோரும் கனடாவின் லாவல் பல்கலைக்கழகத்தின் மோய்னோவும் 2007இல் இதைச் சோதனையில் நிறுவினர்: துண்டைச் சேர்த்தால் எதிர்ப்பு வந்தது, நீக்கினால் போயிற்று. 2020இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற, கிரிஸ்பரைக் கொண்டு மரபணுவை வெட்டித் திருத்தும் ‘மரபணுக் கத்தரி’யின் வேர்களில் ஒன்று, நாம் உண்ணும் தயிரில்தான் இருக்கிறது. ஆனால் வைரஸும் சும்மா இருப்பதில்லை. அதன் டி.என்.ஏ.வில் அந்தத் துண்டுக்கு ஒத்த பகுதியில் ஓர் எழுத்து மாறினாலே பல சமயம் தப்பிவிடும்.

கேள்வி (மயிலாப்பூர்): அப்படியானால் கடையில் விற்கும், ஃபேஜ் எதிர்ப்புள்ள கல்ச்சர் மரபணு மாற்றப்பட்டதா?

பதில்: அப்படி இருக்க வேண்டியதில்லை. கல்ச்சரை வைரஸுடன் வளர்த்து, பிழைத்தவற்றைப் பொறுக்கினாலே போதும். துண்டை பாக்டீரியாவே சேர்த்துக்கொள்கிறது.

கேள்வி (குரோம்பேட்டை): எங்கள் வீட்டு உறைமோர் பல வருடங்களாகத் தவறியதே இல்லையே?

பதில்: அதில் இருப்பது ஒரு கூட்டம். ஒரு வகையை வைரஸ் வீழ்த்தினாலும் மற்றொன்று புளிக்க வைத்துவிடும். தூய கல்ச்சரில் ஓரிரு வகைகளே இருப்பதால் தாக்குதல் முழுதாக விழுகிறது.

கேள்வி (அம்பத்தூர் அன்பரே மீண்டும்): பாலைக் காய்ச்சுகிறோமே, வைரஸ் எப்படித் தப்பியது?

பதில்: 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்குவதைச் சில ஃபேஜ்கள் தாங்கும். நீங்கள் நன்கு கொதிக்க வைத்தாலும், ஆறிய பிறகு காற்றில் வரலாம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கூடத்தில் தயிர்த் தெளிநீர் வடியும் சாக்கடைக்கு எதிரே மின்விசிறி சுழன்றது. அதன் சாரல் உறை ஊற்றும் தொட்டிமேல் படிந்துகொண்டே இருந்தது. முதலில் விசிறியை நகர்த்துங்கள், தொட்டியை மூடுங்கள், குளோரின் நீரால் கழுவுங்கள். பிறகு, பாக்டீரியா வகை வேறான இரண்டு கல்ச்சர்களை வாங்கி நாள் மாற்றி ஊற்றுங்கள்.