பெரியாளும் சித்தாளும்

கேள்வி: தேர்தல் நெருங்கியதும் எல்லாக் கட்சிகளும் ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று பேச ஆரம்பித்துவிடுகின்றன. கட்சித் தலைமைக்குப் பெண்கள் வந்தால்தான் அது நடக்கும் என்கிறேன் நான். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: வீட்டுச் சண்டைக்கு என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுகிறீர்கள். சரி, வருகிறேன்.

முதலில் உங்கள் வாதத்தில் இருக்கும் ஓட்டை. 1976-ல் சம ஊதியச் சட்டம் வந்தபோது பிரதமர் இந்திரா காந்தி. அ.தி.மு.க.வில் 1989 முதல் 2016 வரை ஜெயலலிதா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அந்த இருபத்தேழு வருடமும் நாற்று நட்ட பெண்ணுக்கு ஒரு கூலி, வரப்பு வெட்டிய ஆணுக்கு ஒரு கூலிதான்.

இதைப் படித்துவிட்டு உங்கள் கணவர் மீசையை முறுக்க வேண்டாம். எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்து மனையில் போன மாதம் தளம் போட்டார்கள். மிஷினில் ஜல்லியும் மணலும் கொட்டியவர் ஆண். கலவைச் சட்டியை வரிசையாக நின்று கைமாற்றி மேலே ஏற்றியவர்கள் பெண்கள். சாயங்காலம் கூலி கொடுக்கும்போது அவருக்கு அதிகம், இவர்களுக்குக் குறைவு. ஏன் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். “அவரு பெரியாள் சார், இவங்க சித்தாள்” என்றார். அதற்கு மேல் விளக்கம் இல்லை. பெரியாள் சில வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவார். சித்தாள், தலை நரைத்தாலும் சித்தாள்தான்.

ஒரே வேலைக்கு மட்டுமல்ல, ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஆண், பெண் என்று பார்த்துக் கூலியைக் குறைக்கக் கூடாது என்றது 1976 சட்டம். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையேதான் சொல்கிறது. வேலைக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் சட்டம் என்ன செய்யும்? நூறு நாள் வேலைத் திட்டத்தில் பெரியாள், சித்தாள் என்ற பேச்சே இருந்ததில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள்.

இந்தப் பெயர் வைக்கும் வித்தை கட்சிகளுக்கும் தெரியும். கூட்டத்துக்கு ஆள் திரட்ட, ஆரத்தி எடுக்க, வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்க ‘மகளிர் அணி’. வேட்பாளர் பட்டியலுக்கு யார் பெயர் போகலாம் என்று சொல்ல மாவட்டச் செயலாளர். அந்தப் பதவியில் பெண்களைப் பார்ப்பது அபூர்வம். 2021-ல் 234 தொகுதிகளில் ஜெயித்த பெண்கள் 12 பேர். நாம் தமிழர் கட்சி பாதிக்குப் பாதி, 117 பெண்களை நிறுத்தியது. பாராட்டலாம், ஆனால் அந்தக் கட்சிக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை. 2023-ல் நிறைவேறிய 33 சதவீத மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டமோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை என்று வாசலிலேயே நிற்கிறது.

ஆகவே அம்மணி, நீங்கள் பார்க்க வேண்டியது உச்சாணிக் கொம்பை அல்ல. ஒன்றியச் செயலாளர், கிளைச் செயலாளர் நாற்காலிகளைப் பாருங்கள். பல ஊர்களில் கான்ட்ராக்டரும் நிலக்காரரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். கூலியைக் குறைப்பவரும் வாக்குறுதி கொடுப்பவரும் ஒரே ஆள்!

ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வேட்பாளர் வருவார். கூடவே ஒன்றியமும் வருவார். கும்பிட்டு முடித்ததும் ஒன்றியத்திடம் கேளுங்கள்: “உங்க சைட்டுல சித்தாளுக்கு என்ன கூலி, பெரியாளுக்கு என்ன கூலி?” கேட்கும்போது கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.