குரூப் சுற்றின் கடைசி இரண்டு ஆட்டங்களை ஏன் ஒரே நேரத்தில் வைக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: உலகக்கோப்பை கால்பந்தில் முதல் இரண்டு ரவுண்டு வரை ஆட்டங்கள் தனித்தனி நேரத்தில் வருகின்றன. மூன்றாவது ரவுண்டில் மட்டும் ஒரே குரூப்பின் இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் வைத்துவிடுகிறார்கள். ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று கைவிட்டுப் போகிறது. இதனால் யாருக்கு என்ன லாபம்?

டிவியில் பார்க்கும் நமக்கு நஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஏற்பாடு நமக்காகச் செய்ததல்ல. 1982-இல் அல்ஜீரியாவுக்கு நடந்தது இன்னொரு அணிக்கு நடக்கக் கூடாது என்பதற்காகச் செய்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த ஆண்டு உலகக்கோப்பை ஸ்பெயினில் நடந்தது. இரண்டாவது குரூப்பில் மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, சிலி, அல்ஜீரியா. அல்ஜீரியாவுக்கு அதுதான் முதல் உலகக்கோப்பை. ஜெர்மனியோ ஐரோப்பிய சாம்பியன். ஜூன் 16 அன்று ஹிஹோன் நகரில் இரண்டும் மோதின. 54-வது நிமிடத்தில் அல்ஜீரியாவின் ரபா மாஜர் கோல் அடித்தார். 67-வது நிமிடத்தில் ருமெனிகே சமன் செய்தார். சரி, இனி ஜெர்மனி பார்த்துக்கொள்ளும் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். பந்தை நடுவில் வைத்து மறுபடி ஆரம்பித்தார்கள். ஜெர்மனிக்காரர்கள் ஒரு முறைகூடப் பந்தைத் தொடவில்லை. பாஸ் மேல் பாஸாக இடது பக்கம் போய், அங்கிருந்து உள்ளே வந்த பந்தை லக்தர் பெல்லூமி வலைக்குள் தள்ளிவிட்டார். 2–1. உலகக்கோப்பையில் ஓர் ஆப்பிரிக்க அணி ஐரோப்பிய அணியை வென்றது அதுதான் முதல் முறை.

அடுத்த ஆட்டத்தில் ஆஸ்திரியாவிடம் 0–2 என்று தோற்றார்கள். கடைசி ஆட்டம் ஜூன் 24, சிலியுடன். இடைவேளைக்குள் 3–0 என்று முன்னேறி, பிறகு இரண்டு கோல் விட்டுக்கொடுத்து 3–2 என்று முடித்தார்கள். அப்போது வெற்றிக்கு இரண்டு புள்ளிதான். அல்ஜீரியா நான்கு புள்ளியோடு தன் வேலையை முடித்துவிட்டுக் காத்திருந்தது. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதும் ஆட்டம் மறுநாள், அதே ஹிஹோனில்.

கணக்கைப் பாருங்கள். குரூப்பில் முதல் இரண்டு அணிகளுக்குத்தான் அடுத்த சுற்று; புள்ளி சமமானால் கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தது. ஆஸ்திரியாவுக்கு நான்கு புள்ளி, ஜெர்மனிக்கு இரண்டு. டிராவோ ஆஸ்திரியாவின் வெற்றியோ வந்தால் ஜெர்மனி வெளியே. ஜெர்மனி மூன்று கோலுக்குக் குறையாமல், 3–0, 4–0 என்று ஜெயித்தால் ஆஸ்திரியா வெளியே. இடையில் ஓர் இடுக்கு இருக்கிறது: ஜெர்மனி ஒரு கோல் அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இரண்டு பேரும் உள்ளே, அல்ஜீரியா வெளியே. மைதானத்துக்குள் வந்த இருபத்திரண்டு பேருக்கும் இந்தக் கணக்கு தெரியும். முந்தின நாள் இரவே தெரியும். தெரியாமல் இருக்க வழியே இல்லை என்பதுதான் பிரச்சினை.

பத்தாவது நிமிடத்தைத் தாண்டியதும் இடது பக்கத்திலிருந்து லிட்பார்ஸ்கி அனுப்பிய பந்தை ஹ்ரூபெஷ் உள்ளே தள்ளினார். 1–0. அத்தோடு ஆட்டம் மெல்ல மெல்ல நின்றுபோனது. மிச்சம் எண்பது நிமிடம் பந்து கோல்கீப்பருக்குப் போகும், பின்கள வீரருக்கு வரும், பக்கவாட்டில் ஒரு பாஸ், திரும்ப கோல்கீப்பருக்கு. அப்போதெல்லாம் கோல்கீப்பர் பின்பாஸைக் கையால் எடுக்கலாம் என்பது அவர்களுக்கு இன்னும் வசதி. யாரும் யாரையும் விரட்டவில்லை. அரங்கில் இருந்த அல்ஜீரிய ரசிகர்கள் பணத்தாள்களை எடுத்து ஆட்டிக் காட்டினார்கள். ஸ்பெயின் ரசிகர்களே 'வெளியே போ' என்று கத்தினார்கள். ஆஸ்திரியத் தொலைக்காட்சி வர்ணனையாளர் தன் நாட்டு நேயர்களிடமே டிவியை அணைத்துவிடச் சொன்னார்.

அந்தப் பதிவு இணையத்தில் கிடைக்கிறது. இரண்டாம் பாதியில் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தி ஐந்து நிமிடம் பாருங்கள். நடுக்களத்தில் பந்தோடு ஒருவர் நிற்பார், அவருக்குப் பத்து அடி தள்ளி எதிரணிக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். எனக்கு வயிற்றைப் பிசைகிற காட்சி அது.

அல்ஜீரியா புகார் கொடுத்தது. ஃபிஃபா நிராகரித்தது, எழுதி வைத்த விதி எதையும் யாரும் மீறவில்லை. கடைசிப் பட்டியலில் மூன்று அணிகளுக்கும் நான்கு புள்ளி, கோல் வித்தியாசத்தில் ஜெர்மனி +3, ஆஸ்திரியா +2, அல்ஜீரியா 0. இரண்டு ஆட்டம் ஜெயித்த அணி வீட்டுக்குப் போனது. ஜெர்மனி ஃபைனல் வரை போனது.

அதன் பிறகுதான் விதியை மாற்றினார்கள். 1984 ஐரோப்பியக் கோப்பை, 1986 உலகக்கோப்பை முதல் ஒரு குரூப்பின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில்தான். இதற்கு முன்பே எச்சரிக்கை கிடைத்திருந்தது என்பது என் ஆதங்கம். 1978-இல் அர்ஜென்டினாவில் இரண்டாம் சுற்று குரூப்பில் பிரேசில் போலந்தை 3–1 என்று வென்று முடித்த பிறகு, அதே நாளில் அர்ஜென்டினா பெருவோடு ஆடியது. நான்கு கோல் வித்தியாசம் வேண்டும் என்று தெரிந்துகொண்டே இறங்கியது; 6–0 என்று ஜெயித்தது. அதில் வேறென்ன நடந்தது என்று இன்றுவரை பேசுகிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. போட்டியை நடத்தும் நாட்டுக்கு, வேண்டிய கோல் எத்தனை என்று முன்கூட்டியே கையில் கொடுத்ததே தப்பு.

எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு சூடு ஏன் என்றால், சின்ன அளவில் நானும் இதை அனுபவித்திருக்கிறேன். கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒரு இன்டர் காலேஜ் போட்டி. நான் ரைட் பேக். நான்கு அணி குரூப்பில் காலை எட்டு மணி ஆட்டத்தை 1–0 என்று ஜெயித்து ஐந்து புள்ளியோடு முடித்தோம். மதியம் ஆடவேண்டிய இரண்டு காலேஜுக்கும் நாலு நாலு புள்ளி, கோல் வித்தியாசம் எங்களைவிட அதிகம். அவர்களில் யார் ஜெயித்தாலும் எங்களுக்கு இடம் உண்டு, டிரா ஆனால் நாங்கள் வெளியே. பரோட்டா பார்சலை மடியில் வைத்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தோம். முதல் இருபது நிமிடம் உண்மையாகவே ஆடினார்கள். அப்புறம் ஒரு த்ரோ-இன் எடுக்கப் போன பையன் எங்கள் பக்கம் பார்த்தான், பார்வையைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. 0–0. பேசி வைத்துக்கொண்டார்கள் என்று நான் சொல்லவில்லை. பேசவேண்டிய அவசியமே இல்லை. பார்சலை யாருமே பிரிக்கவில்லை.

இப்போது ஒரே நேரத்தில் நடத்தினால் என்ன ஆகிறது என்பதற்கு 2022 கத்தார் உலகக்கோப்பையின் 'இ' குரூப்பைச் சொல்வேன். டிசம்பர் 1 இரவு, நமக்கு நள்ளிரவு 12.30. ஜப்பான்–ஸ்பெயின் ஒரு பக்கம், ஜெர்மனி–கோஸ்டா ரிகா இன்னொரு பக்கம். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். டிவியில் ஸ்பெயின் ஆட்டம் சத்தமில்லாமல், செல்போனை டம்ளரில் சாய்த்து வைத்து ஜெர்மனி ஆட்டம்.

இடைவேளையில் ஸ்பெயின் 1–0, ஜெர்மனி 1–0. அப்படியே முடிந்தால் இரண்டு பெரிய அணிகளும் உள்ளே. 48-வது நிமிடத்தில் டோவான், 51-வது நிமிடத்தில் தனாகா; ஜப்பான் 2–1. அந்த இரண்டாவது கோலுக்கு முன் மிட்டோமா எல்லைக்கோட்டில் பாய்ந்து பந்தைத் திருப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். பந்து வெளியே போய்விட்டது மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் விதிப்படி பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். மேலேயிருந்து எடுத்த படத்தில் பந்தின் வயிற்றோரம் கோட்டின் விளிம்புக்கு மேல் ஒரு நூலிழை நின்றது. கோல் செல்லும் என்று விட்டார்கள்.

அதற்குள் செல்போனில் கோஸ்டா ரிகா சமன் செய்தது. 70-வது நிமிடத்தில் 2–1 என்று முன்னேறியும்விட்டது. அந்த நொடியில் பட்டியலைப் பார்த்தால் ஜப்பானும் கோஸ்டா ரிகாவும் உள்ளே, ஸ்பெயினும் ஜெர்மனியும் வெளியே! அதே ஸ்பெயின்தான் ஒரு வாரத்துக்கு முன்னால் அதே கோஸ்டா ரிகாவை 7–0 என்று அடித்திருந்தது. மூன்று நிமிடம் அந்த நிலை நீடித்தது. பிறகு ஹாவெர்ட்ஸ் சமன் செய்ய, ஸ்பெயினுக்கு மூச்சு வந்தது. கடைசியில் ஜெர்மனி 4–2 என்று ஜெயித்தும், ஸ்பெயினுக்குச் சமமாக நான்கு புள்ளி எடுத்தும், கோல் வித்தியாசத்தில் வெளியேறியது. நாற்பது வருடம் முன்னால் முந்தின நாளே கணக்குப் போட்டுவிட்டு இறங்கிய நாடு, இந்த முறை வேறொரு மைதானத்தில் நடந்ததால் வெளியே போனது. அதைப் பழி தீர்ந்த கதையாக நான் பார்க்கவில்லை. 2022 வீரர்கள் என்ன செய்வார்கள் பாவம். ஆனால் ஒருவருக்கும் பதில் முன்னால் தெரியாமல் நான்கு அணிகளும் ஓடியது. எனக்கு அதுதான் வேண்டும்.

இந்த ஏற்பாடு எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2004 ஐரோப்பியக் கோப்பையில் டென்மார்க்கும் ஸ்வீடனும் 2–2 என்று டிரா செய்ய, அதே நேரத்தில் பல்கேரியாவை 2–1 என்று வென்ற இத்தாலி வெளியேறியது. மூன்று அணிக்கும் ஐந்து புள்ளி. தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுத்துப் பிரித்ததால் 2–2 போதுமானதாக இருந்தது. 2018-இல் ஜப்பான் போலந்திடம் 0–1 என்று தோற்றுக்கொண்டே கடைசிப் பத்து நிமிடம் பின்னால் பந்தை உருட்டியது. இன்னொரு மைதானத்தில் கொலம்பியாவிடம் செனகல் 0–1 என்று பின்தங்கியிருந்தது. புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல், நேரடி ஆட்டம் எல்லாமே சமம். மஞ்சள் அட்டை ஜப்பானுக்கு நான்கு, செனகலுக்கு ஆறு. அதில் ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது. ஆனால் செனகல் ஒரு கோல் அடித்திருந்தால் ஜப்பான் கதை முடிந்தது. அந்தப் பயத்தோடுதான் பந்தை உருட்டினார்கள். ஹிஹோனில் அந்தப் பயம் யாருக்கும் இல்லை.

என் கவலை இப்போது வேறு இடத்தில். 2026-க்கு 48 அணி என்று முடிவானபோது மூன்று மூன்றாகப் பதினாறு குரூப் என்றுதான் முதலில் அறிவித்தார்கள். மூன்று அணி குரூப்பில் கடைசி ஆட்டத்தின்போது ஒரு அணி சும்மா உட்கார்ந்திருக்கும். அல்ஜீரியா உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. நல்லவேளை, கத்தாரின் கடைசி ரவுண்டுகளைப் பார்த்த பிறகு 2023 மார்ச்சில் மனதை மாற்றிக்கொண்டு நான்கு அணிகள் கொண்ட பன்னிரண்டு குரூப் ஆக்கினார்கள். ஆனால் மூன்றாம் இடம் பிடித்தவர்களில் சிறந்த எட்டுப் பேரும் மேலே போகலாம் என்று வைத்துவிட்டார்கள். முதலில் முடியும் குரூப்பின் மூன்றாம் அணி நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடைசியில் ஆடும் குரூப்புக்கு எத்தனை புள்ளி, எத்தனை கோல் போதும் என்று கையில் இருக்கும். 2016 ஐரோப்பியக் கோப்பையில் இப்படித்தான் அல்பேனியா ருமேனியாவை வென்றுவிட்டு, மற்ற குரூப்புகள் முடியும்வரை மூன்று நாள் காத்திருந்து வெளியேறியது. அதே போட்டியில் மூன்று ஆட்டத்தையும் டிரா செய்து மூன்றாம் இடத்தில் வந்த போர்ச்சுகல் கோப்பையையே தூக்கியது. போர்ச்சுகல் மேல் குற்றமில்லை. ஆனால் குரூப்புக்குள் அடைத்த ஓட்டையைக் குரூப்புகளுக்கு நடுவில் திறந்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி உங்கள் உண்மையான சங்கடத்துக்கு வருகிறேன்: இரண்டில் எதைப் பார்ப்பது? கோல் தேவைப்படும் அணி எங்கே ஆடுகிறதோ அதை டிவியில் போடுங்கள், மற்றதைச் செல்போனில். பட்டியல் தானாக மாறும் ஸ்கோர் ஆப் இருந்தாலும் சரி, நான் பேப்பரில் நான்கு பெயரை எழுதி ஒவ்வொரு கோலுக்கும் அடித்துத் திருத்துவேன். அதில் ஒரு சுகம் இருக்கிறது.

அப்படித்தான் 2022 டிசம்பர் 2 அன்று டிவியில் உருகுவே–கானா, செல்போனில் தென்கொரியா–போர்ச்சுகல் வைத்திருந்தேன். உருகுவே 2–0 என்று முன்னிலை, மேலே போகிற நிலை. 91-வது நிமிடத்தில் செல்போனில் சன் ஹியுங்-மின் முகமூடியோடு தன் பாதியிலிருந்து தனியாக ஓடினார். மூன்று நான்கு பேர் சூழ்ந்ததும் நின்றார், ஒருவரின் கால்களுக்கு நடுவே பந்தை அனுப்பினார், ஹ்வாங் ஹீ-சான் உள்ளே அடித்தார். கொரியா 2–1. இப்போது இரண்டு அணிக்கும் நான்கு புள்ளி, கோல் வித்தியாசமும் சமம். அடித்த கோலில் கொரியா நான்கு, உருகுவே இரண்டு. டிவியில் பெஞ்சில் இருந்த சுவாரெஸ் ஜெர்ஸியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். 2010 காலிறுதியில் கோலுக்குள் போகவிருந்த கானாவின் பந்தை அவர் கையால் தடுத்ததைக் கானாக்காரர்கள் மறந்திருக்கவில்லை. தாங்களும் வெளியேறுகிறோம் என்று தெரிந்தும், உருகுவே இன்னொரு கோல் அடித்துவிடக் கூடாது என்று அவர்களின் ரசிகர்கள் நின்றுகொண்டு கத்தினார்கள்.

கொரியா ஆட்டம் முதலில் முடிந்தது. வீரர்கள் உள்ளே போகவில்லை. மைதானத்தின் நடுவில் வட்டமாகக் கூடி, தோளில் தோள் சாய்த்து, ஒரு செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பார்த்த ஆட்டம் என் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. நானும் குனிந்துதான் உட்கார்ந்திருந்தேன். அங்கே விசில் ஊதியதும் அந்த வட்டம் உடைந்து, எல்லோரும் தங்கள் ரசிகர்களை நோக்கி ஓடிப்போய் புல்லில் நெஞ்சால் சறுக்கி விழுந்தார்கள்.